சோதனை நடந்தது சரி, முடிவு எங்கே?

வாசகர் கேள்விகளில் இந்த முறை ஓட்டல், டீக்கடை, பார்சல் சமாச்சாரமே அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த சாப்பாட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: "ஓட்டல்களில் திடீர் சோதனை, கெட்டுப்போன கோழிக்கறி பறிமுதல், பினாயில் ஊற்றி அழிப்பு" என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. எத்தனை கிலோ என்று போடுகிறார்கள், கடையின் பெயரை மட்டும் போடுவதில்லை. அந்தத் தெருவில்தான் நானும் பிள்ளைகளுக்குப் பரோட்டா பார்சல் வாங்குகிறேன். எந்தக் கடை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. அந்தச் செய்தியால் யாருக்கு என்ன பயன் என்று யோசித்துப் பாருங்கள். ஒழுங்காகக் கடை நடத்துகிறவருக்கும் சேர்த்துக் கெட்ட பெயர், தப்புச் செய்தவருக்குக் கூட்டத்தோடு ஒளிந்துகொள்ள வசதி, சாப்பிடுகிற நமக்குப் பயம் மட்டும் மிச்சம்.

சோதனைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம்தான் இப்போது நடைமுறையில் இருப்பது, 2011 ஆகஸ்ட் முதல். அதன்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் நுழைந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டுப்போனதை அழிக்கலாம். சமையலறை அசுத்தமாக இருந்தால் முன்னேற்ற அறிவிப்பு என்று ஒரு நோட்டீஸ் தருவார்கள். அது சட்டத்தின் 32ஆவது பிரிவு. இன்னின்ன குறை இருக்கிறது, இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று அதில் இருக்கும். அந்தக் கெடு 14 நாளுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், அப்புறமும் திருந்தாவிட்டால் ரத்து செய்யலாம். அசுத்தமான இடத்தில் உணவு தயாரித்ததற்கு 56ஆவது பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நம் மாநிலத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அதை முடிவு செய்கிறார்.

இப்போது அந்த 14 நாளை நினைத்துப் பாருங்கள். சமையலறை சரியில்லை என்று அலுவலருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், பரோட்டா மாஸ்டருக்கும் தெரியும், ஆனால் காசு கொடுத்துச் சாப்பிடுகிற உங்களுக்கும் எனக்கும் தெரியாது. கடை திறந்தேதான் இருக்கும், கல்லில் கொத்து பரோட்டா சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடம் இதுதான்.

பெயரை வெளியிடாததற்கு அதிகாரிகள் பக்கம் ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எடுத்த மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து, ஒன்றைச் சேலத்தில் உள்ள உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் கடைக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குள் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் மாதிரி நல்லதுதான் என்று வந்தால் ஒருவர் பிழைப்பு போய்விடும். கலப்படம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த நிதானம் சரிதான். ஆனால் சாக்கடை ஓரத்தில் மாவு பிசைவதையும், பச்சைக் கறியும் வெந்த கறியும் ஒரே பாத்திரத்தில் கிடப்பதையும் உறுதி செய்ய எந்த ஆய்வுக் கூடமும் வேண்டாம். கண்ணால் பார்த்து எழுதிய குறையை அன்றைக்கே கடை வாசலில் ஒட்டலாம்.

இன்றைய நிலையில் உங்களுக்கு உள்ள வழி தகவல் உரிமைச் சட்டம். உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போடுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தச் சாலையில் ஆய்வு செய்யப்பட்ட உணவகங்கள் எவை, எவற்றுக்கு 32ஆவது பிரிவில் நோட்டீஸ் தரப்பட்டது, நகல் வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் அங்கேயே மேல்முறையீட்டு அலுவலர் இருப்பார். ஒரு பார்சல் பரோட்டாவுக்கு ஒரு தாய் மனு எழுத வேண்டியிருப்பது கொடுமைதான். இருந்தாலும் நாலு பேர் கேட்டால்தான் ஐந்தாவது ஆளுக்குக் கேட்காமலே கிடைக்கும், தயங்காமல் போடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் இருக்கும் பேக்கரியில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரைப் பெரிய எழுத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அரசாங்கமே சுத்தமான கடை என்று சான்று கொடுத்திருக்கிறது என்கிறார் முதலாளி. அப்படியா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: இல்லை சார். எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆணையம். அந்த 14 இலக்க எண் கடை பதிவாகியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு கடைகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. ஆகவே நம் ஊர்க் கடைகளில் 124 அல்லது 224 என்று தொடங்கும் எண்ணைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். அதற்கடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் கொடுத்தது என்பதைக் காட்டும். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும். பில்லில் இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது நம் உரிமை. ஆனால் நேற்று அந்தக் கடையின் மாவு டப்பாவில் என்ன ஓடியது என்பதை அந்த எண் சொல்லாது.

கேள்வி: என் அண்ணன் வேல்ஸ் நாட்டில் கார்டிஃபில் வேலை பார்க்கிறார். அங்கே எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் கதவிலேயே 0 முதல் 5 வரை சுத்தத்துக்கான மார்க் ஒட்டியிருக்குமாம். இங்கே ஏன் அப்படி இல்லை? ஓசூரில் ஒரு கடையில் ஸ்மைலி படம் போட்ட சான்றிதழ் பார்த்தேன், அது என்ன?
— வாசகர், ஓசூர்

பதில்: நல்ல கேள்வி தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அண்ணன் சொல்வது உண்மை. அங்கே உள்ளாட்சி அலுவலர் முன்கூட்டிச் சொல்லாமல் கடைக்குப் போய்ப் பார்த்து, அவரே மார்க் போடுகிறார். மூன்று விஷயம் பார்ப்பார்கள்: உணவைக் கையாளும் விதம், கட்டடமும் சமையலறையும் இருக்கும் நிலை, நாளைக்கும் இந்தச் சுத்தம் நிலைக்கும் என்று நம்புகிற அளவுக்கு நிர்வாகமும் பதிவேடுகளும் இருக்கின்றனவா என்பது. ருசிக்கும் பரிமாறுகிற வேகத்துக்கும் அதில் இடமே கிடையாது. 5 என்றால் மிக நன்று, 0 என்றால் உடனடியாகச் சரிசெய்ய வேண்டும். இணையத்தில் கடையின் பெயரைப் போட்டும் பார்க்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் இந்த முறைதான். ஸ்காட்லாந்தில் மட்டும் எண் கிடையாது, தேறியது, மேம்பட வேண்டும் என்ற இரண்டு வகைதான்.

ஆனால் கதவில் ஒட்டுவதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வேல்ஸில் 2013 நவம்பரிலிருந்து மார்க் எதுவானாலும் ஒட்டியே ஆக வேண்டும், சட்டம். போனில் கேட்டாலும் வாயால் சொல்லியாக வேண்டும், பார்வை இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி பாருங்கள். வட அயர்லாந்தில் 2016 அக்டோபரிலிருந்து அதே சட்டம். இங்கிலாந்தில் ஒட்டுவது கடைக்காரர் இஷ்டம். இஷ்டம் என்று விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம், 5 வாங்கினவர் வாசலில் மாட்டுவார், 1 வாங்கினவர் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். பரீட்சையில் பாஸானவனின் மார்க் ஷீட் மட்டும் வீட்டுக்கு வருவது போலத்தான் அது.

வேல்ஸ்காரர்கள் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதைப் பேசும்போது எனக்கு 2005ஆம் ஆண்டு தெற்கு வேல்ஸில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி அனுப்பிய ஒரு கடையில், பச்சைக் கறியைப் பொதிந்த அதே எந்திரத்தில் வெந்த கறியையும் பொதிந்தார்கள். ஈ கோலை கிருமி பரவி 150 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள், 5 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பேராசிரியர் ஹியூ பென்னிங்டன் தலைமையில் விசாரணை நடந்து 2009இல் அறிக்கை வந்தது. அந்தக் கடைக்கும் அதிகாரிகள் ஆய்வுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள் என்பதுதான் அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சரி, ஓசூரில் பார்த்த ஸ்மைலிக்கு வருவோம். அது எஃப்எஸ்எஸ்ஏஐயின் சுகாதாரத் தரமதிப்பீட்டுத் திட்டம். ஒன்று முதல் ஐந்து ஸ்மைலி வரை கொடுப்பார்கள், வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். கடைக்காரர் விருப்பப்பட்டு விண்ணப்பித்தால்தான் அது உண்டு. மதிப்பிடுவதும் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனம். அதாவது நம் ஊரில் இரண்டு தண்டவாளம் தனித்தனியாக ஓடுகிறது: உணவுப் பாதுகாப்பு அலுவலர் திடீரென்று வந்து பார்த்து எழுதும் குறிப்பு ஃபைலுக்குப் போகிறது, கடைக்காரர் கூப்பிட்டு, தயாராக இருக்கும்போது வாங்கும் ஸ்மைலி சுவருக்கு வருகிறது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அதற்காக மெனக்கெட்டு சமையலறையை மாற்றிய கடைக்காரர்களை மதிக்கிறேன். ஆனால் எனக்கு வாசலில் பார்க்க வேண்டியது அந்த முதல் குறிப்புதான். கடைசியாக எந்தத் தேதியில் அலுவலர் வந்தார், என்ன கண்டார், சரிசெய்தார்களா, இந்த மூன்று வரி போதும், தமிழில், டீ குடிக்க வருகிறவர் நின்றபடியே படிக்கிற எழுத்தில். அடுத்த தடவை ஸ்மைலி சான்றிதழைப் பார்த்தால் எது வரை செல்லும் என்ற தேதியையும் பாருங்கள் தம்பி.

கேள்வி: காரிமங்கலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லிக் கடை வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்கிற மாதிரி வாசலில் மார்க் போட ஆரம்பித்தால் பைபாஸில் இருக்கும் ஏசி ஓட்டலுக்கு ஐந்து, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட எங்களுக்கு ஒன்று என்றுதான் வரும். எங்களை மாதிரி ஆட்கள் எங்கே போவது?
— வாசகி, காரிமங்கலம்

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. மார்க் போடுகிறவர்கள் டைல்ஸையும் ஏசியையும் பார்த்து மார்க் போட்டால் நானே உங்கள் பக்கம் நின்று சண்டை போடுவேன். ஆனால் நோய் டைல்ஸில் இருந்து வருவதில்லை. கழுவாத கையிலிருந்து வருகிறது, மூடாத பாத்திரத்திலிருந்து வருகிறது, நேற்றைய சட்னியை இன்றைய சட்னியோடு கலப்பதிலிருந்து வருகிறது. ஆவி பறக்க இட்லி எடுத்து அப்படியே தட்டில் வைக்கிற கடை, காலையில் செய்த கறியை ஃப்ரிட்ஜில் வைத்து ராத்திரி சூடாக்கித் தருகிற பெரிய ஓட்டலைவிடப் பல விதத்தில் பத்திரமானது. ஏனென்றால் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், உங்கள் இட்லி அந்த இடைவெளியில் நிற்பதே இல்லை. கவனிக்க வேண்டியது உங்கள் சட்னிதான். தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள், காலையில் அரைத்ததை மதியத்துக்கு வைக்காதீர்கள்.

அப்புறம் சில விஷயங்கள், செலவு அதிகம் ஆகாதவை. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள், சிறு கடைக்குப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான், இ-சேவை மையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். உணவைத் தொடுகிற எல்லாருக்கும் வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும், டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வடையையும் போண்டாவையும் செய்தித்தாளில் வைத்துக் கொடுக்காதீர்கள், அச்சு மை உணவில் இறங்கும், 2018 பொதியல் விதிகளிலேயே அது தடை. வாழை இலையும் மந்தார இலையும் இருக்கிற ஊரில் நமக்கு எதற்கு அந்தக் காகிதம்? காசு வாங்குகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் ஒருவர் என்று நீங்களும் வீட்டுக்காரரும் பிரித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மார்க் போடும் முறை இங்கே வந்தால் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். பிரிட்டனில் குறைந்த மார்க் வாங்கியவர் குறையைச் சரிசெய்துவிட்டு மறு ஆய்வு கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், தன் பக்க விளக்கத்தையும் இணையத்தில் சேர்க்கலாம். அந்த வசதி இல்லாமல் வெறுமனே மார்க்கை மட்டும் ஒட்டினால் அது உங்களைப் போன்றவர்களுக்குத் தண்டனையாகிவிடும். மறு ஆய்வுக்குச் சிறு கடைகளிடம் பணம் வாங்கக் கூடாது என்பதும் என் கட்சி.

கேள்வி: ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிற எண்ணெய் கறுப்பாக இருக்கிறது. சாப்பிடலாமா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: கறுத்து, பிசுபிசுத்து, நுரைத்து, காய்ந்தவுடனே புகைகிற எண்ணெய் என்றால் வேண்டாம் சார். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் என்ற கழிவு சேர்ந்துகொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி. அதை அளக்க அலுவலர்களிடம் கையடக்கக் கருவி உண்டு, நமக்குக் கண்ணும் மூக்கும்தான்.

ஆனால் ஒகேனக்கல் பற்றி ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாமே மீனைப் பார்த்து வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் அக்காக்களிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று குழம்பும் வறுவலும் ஆக்கி வாங்குகிற வழக்கம் அங்கே இருக்கிறது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, சதையை அழுத்தினால் மீண்டு வருகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மசாலா அரைப்பது, கழுவுவது எல்லாம் உங்கள் கண் முன்னால். இதைவிட வெளிப்படையான சமையலறை எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடையாது. "அக்கா, எண்ணெய் மட்டும் புதுசு ஊத்துங்க, காசு சேர்த்துத் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள்.

கேள்வி: டெலிவரி ஆப்பில் 4.5 ஸ்டார் இருந்தால் சுத்தமான கடைதானே?
— கல்லூரி மாணவி, அரூர்

பதில்: இல்லைம்மா. அந்த ஸ்டாரைப் போடுகிறவர் சமையலறையைப் பார்த்தவர் இல்லை. பிரியாணி சூடாக வந்ததா, லெக் பீஸ் இருந்ததா என்பதற்கான மார்க் அது. கடையின் பக்கத்தில் கீழே எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஓட்டலில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தால் போதுமா? சோதனைக்கு வருகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கிறார்களா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: சுடுதண்ணீர் கிருமிக்கு மருந்து, ஃப்ளோரைடுக்கு இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அடியிலேயே தங்கும், அளவு கூடத்தான் செய்யும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை நம் இரண்டு மாவட்டங்களிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வருகிற ஊரில் ஓட்டல்காரர் அதையே குடிக்கவும் சமைக்கவும் வைக்கலாம்.

உணவுக் கடையில் குடிக்கத் தகுந்த தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது உரிம விதிகளிலேயே இருக்கிறது, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் அலுவலர்கள் கேட்கிறார்கள். அந்த அறிக்கையும் வாசலுக்கு வர வேண்டும் என்பேன். மற்ற மாவட்டங்களுக்கு எப்படியோ, நமக்கு "இந்தக் கடையில் குடிநீர் எது, ஃப்ளோரைடு எவ்வளவு" என்ற ஒரு வரி மற்ற எதையும்விட முக்கியம்.

கேள்வி: பிரபலமான ஒரு கடையில் சாப்பிட்டு வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி பேதி. புகார் கொடுக்கலாம் என்றால், முதலாளி எங்கள் சொந்தக்காரருக்குச் சம்பந்தி, ஊரில் பகையாகிவிடும் என்று என் மாமனார் தடுக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் மூன்று பேரும் மருத்துவரைப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு அதுதான் பலம். பில், பார்சல் டப்பா, மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் மூடி வைத்த உணவு, சாப்பிட்ட நேரம், வாந்தி தொடங்கிய நேரம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமனாரை எதிர்த்துப் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் சொல்லுங்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் பிள்ளை இறந்துபோனாள். நமக்கு வாந்தியோடு போனது இன்னொரு வீட்டில் உயிரையே கொண்டுபோகலாம். அதற்கு அப்புறம் அந்தச் சம்பந்தி முகத்தையும் யாரும் பார்க்க முடியாது, அவரும் ஊரில் தலை நிமிர முடியாது. இப்போதே அலுவலர் வந்து ஃப்ரிட்ஜையும் தண்ணீர்த் தொட்டியையும் சரிசெய்ய வைத்தால் அது அந்தக் கடைக்கும் நல்லதுதான் என்று சொன்னால் பெரியவர் யோசிப்பார்.

மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோவோடு தமிழிலேயே எழுதி அனுப்பலாம், புகார் கொடுப்பவர் விவரத்தை ரகசியமாக வைப்பதாகத் துறை சொல்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐயின் கட்டணமில்லா எண் 1800 11 2100. ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற செயலியிலும் பதியலாம், அதன் கியூஆர் குறியீட்டைக் கடையில் மாட்டி வைக்கும்படி 2025இல் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி வாங்கிய உணவை நீங்களே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம், உணவு தரமில்லை என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அப்படிக் கொடுக்கப் போவதைக் கடைக்காரரிடம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஆகவே வீட்டில் இருக்கும் மிச்சத்துக்கு இது பொருந்தாது, அதற்கு வாட்ஸ்அப் வழியே சரி. இன்றைக்கே அனுப்புங்கள், மிச்சம் வைத்த குழம்பு நாளைக்கு எதையும் சொல்லாது.